‘நல்லா ஏறுமா?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு

ஐந்தோவனிலும் ஆம்ஸ்டெல்வீனிலும் டென் ஹாக்கிலும் நெதர்லாந்தின் மற்ற ஊர்களிலும் குடியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கும் தோழிகளுக்கும்:

குடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்த மடலை இத்தோடு மடித்து வைத்துவிடலாம். யாரையும் புதிதாகப் பழக்கிவிடும் எண்ணம் எனக்கில்லை. குடிக்காதீர்கள், குடித்தே ஆகவேண்டுமென்றால் நாளுக்கு ஒரு கிளாஸுக்கு மேல் வேண்டாம் என்று இந்நாட்டுச் சுகாதாரக் கவுன்சில் 2015-இல் சொல்லிவிட்டது. அதற்கு எதிர்வாதம் செய்யவும் நான் வரவில்லை. ஏற்கெனவே குடிக்கிறவர்களிடம்தான் எனக்கு ஒரு வழக்கு.

பொங்கல் விழா முடிந்து நாற்காலி அடுக்கும்போதும், கிரிக்கெட் ஆடிவிட்டுக் காலுறை கழற்றும்போதும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து கேட்கிறீர்கள்: “அண்ணே, கறுப்பா ஸ்ட்ராங்கா சின்னச் சின்ன டச்சுக் கம்பெனி பீரெல்லாம் இருக்காமே, நல்லா ஏறுமா?” கேள்வியில் தப்பில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு சதவீதம் என்று லேபிளில் போட்டிருந்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எல்லோருக்குமாக ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. 330 மில்லி பாட்டிலில் 10 சதவீதம் என்றால் 33 மில்லி ஆல்கஹால். எடையில் ஏறத்தாழ 26 கிராம். நம்மூர் டாஸ்மாக் ‘ஸ்ட்ராங் பீர்’ 650 மில்லி; இந்திய விதிப்படி அதில் 8 சதவீதம் வரை இருக்கலாம். அப்படியானால் 52 மில்லி, 41 கிராம். இங்கே ஒரு நல்ல கறுப்பு பீர் நாலு யூரோவிலிருந்து எட்டு, பத்து யூரோ வரை போகிறது. பில்ஸ் என்ற சாதாரண மஞ்சள் பீர் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு யூரோவுக்குள் கிடைக்கிறது. ஏறுவதுதான் நோக்கம் என்றால் இதைவிட நஷ்டமான வியாபாரம் கிடையாது. உங்கள் கேள்விக்கு இதுதான் நேரான பதில். வேண்டாம், வாங்காதீர்கள்.

வேறு எதற்காகவாவது வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குத்தான் மீதி மடல்.

நம்மூர் ஸ்ட்ராங் பீரில் பலம் என்பது தனியாகச் சேர்க்கப்படும் ஒரு சரக்கு. மால்ட்டோடு அரிசி, சர்க்கரை என்று விலை குறைந்த பொருள்களைச் சேர்த்துப் புளிக்கவைத்து அளவை ஏற்றுகிறார்கள். வாய்க்குள் அது வெறும் சூடாகத்தான் தெரியும். ஐஸ் குளிரில் குடித்தால் அதுவும் தெரியாது. நான் சொல்லவரும் பீரில் பலம் வேறு வழியாக வருகிறது. ஆயிரம் லிட்டர் சாதாரண பில்ஸுக்கு 200 கிலோ மால்ட் தாராளம். அதே ஆயிரம் லிட்டர் பத்து சதவீதக் கறுப்பு பீருக்கு 400 கிலோவுக்கும் மேல் கொட்டவேண்டும். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை உடைத்து 65, 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவு சர்க்கரையாகிறது. பிறகு வடிக்கிறார்கள். இங்கேதான் விஷயம். தேங்காய் பிழியும்போது முதல் பாலை மட்டும் எடுத்துப் பாயசத்துக்கு வைத்துக்கொள்வோமே, அதுபோல முதலில் வடியும் கெட்டிச் சாற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் வடிப்பைச் சில இடங்களில் சின்ன பீராகக் காய்ச்சுவார்கள். பல இடங்களில் விட்டுவிடுவார்கள்.

அந்தக் கெட்டிச் சாற்றைக் கண்டு ஈஸ்ட்டே திணறும். சர்க்கரை அதிகம், ஆல்கஹால் ஏற ஏற விஷம் அதிகம். எல்லாவற்றையும் தின்று முடிக்காமலே அது ஓய்ந்துவிடுகிறது. மிஞ்சிய சர்க்கரையும் அரைகுறையாக உடைந்த மாவுச்சத்தும்தான் அந்தப் பீருக்கு உடம்பு. ஆல்கஹாலுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது: வாசனைகளைத் தாங்கிக்கொண்டு வருகிறது, இனிப்பைக் கொஞ்சம் தூக்கிக்காட்டுகிறது, தொண்டைக்குக் கீழே கதகதப்பாக இறங்குகிறது. பலம் இல்லாவிட்டால் இந்தச் சுவை நிற்காது. சுவைக்காகத்தான் பலம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

கறுப்பு நிறத்துக்கு ஒரு பிறந்த தேதியே உண்டு. 1817-இல் லண்டனில் டேனியல் வீலர் என்பவர், காபிக்கொட்டை வறுப்பதைப்போல உருளையில் மால்ட் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை விறகுத் தீயில் காய்ந்த பழுப்பு மால்ட்டை வண்டி வண்டியாகப் போட்டு போர்ட்டர் என்ற அடர்நிற பீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கரியாக வறுத்த மால்ட் கையளவு போதும், முழு அண்டாவும் கறுத்துவிடும் என்றானதும் கணக்கே மாறியது. அதற்கும் முன்பே லண்டன் சவுத்வர்க்கிலிருந்த த்ரேல் ஆலை ரஷ்ய அரசவைக்குக் கெட்டியான போர்ட்டரை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஆலை 1781-இல் கைமாறியபோது விற்பனையை முடித்துவைத்த பொறுப்பாளர்களில் ஒருவர், அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன். பேரரசிக்குப் போன பீர் என்பதால் ‘இம்பீரியல்’ பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆக, இம்பீரியல் ஸ்டௌட் எனப்படும் இந்தக் கெட்டிப் போர்ட்டர் டச்சுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல.

சரி, இதில் டச்சுக்காரர்களுக்கு என்ன இடம்? ஆம்ஸ்டர்டாமில் வான் வோலன்ஹோவன் என்ற ஆலையின் ஸ்டௌட் ஒரு காலத்தில் பேர்போனது. 1941-இல் ஹைனகனும் ஆம்ஸ்டலும் சேர்ந்து அந்த ஆலையை வாங்கின. ஸ்டௌட் அதன்பின் பெயரளவில் ஓடி நின்றது. பிறகு சிறிய ஆலை ஒன்று அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் போருக்குப் பிந்தைய நெதர்லாந்து மஞ்சள் பில்ஸ் மட்டுமே தெரிந்த நாடு. 1980 வாக்கில் மொத்த ஆலைகளே இருபதுக்கும் குறைவு. அந்த ஆண்டில்தான் ‘பிண்ட்’ என்ற குடிப்போர் சங்கம் தொடங்கியது. நம் ஊரில் குடிப்போர் சங்கம் என்றால் சிரிப்பார்கள். இங்கே அது கூட்டம் போட்டு, பத்திரிகை நடத்தி, நல்ல பீர் வேண்டும் என்று முப்பது நாற்பது ஆண்டுகள் பிரசாரம் செய்தது. இன்று ஆலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் சொந்த அண்டா இல்லாதவர்களும் நிறைய. அடுத்தவர் ஆலையை வாடகைக்கு எடுத்துத் தங்கள் செய்முறையில் காய்ச்சிக்கொள்கிறார்கள்.

கறுப்பு பீருக்கு முகவரி தந்த ஊர் போடெக்ராவன். கௌடாவுக்கு வடக்கே, பாலாடைக்கட்டி வியாபாரத்துக்குப் பெயர்போன சிற்றூர். அங்கே 1697-இல் கட்டிய ‘டி ஆர்க்டவ்ஃப்’ என்ற காற்றாலையில் 2004-இல் மென்னோ ஒலிவியே என்பவர் ஆலை தொடங்கினார். பெயரும் அதுவே: டி மோலன், அதாவது காற்றாலை. அந்தக் காலத்தில் பத்து சதவீதத்துக்குக் கசப்பும் கருகலுமாக ஒரு ஸ்டௌட்டைக் காய்ச்சி அதற்கு ‘ஹெல் என் ஃபர்டூமெனிஸ்’, நரகமும் நித்திய தண்டனையும், என்று பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அப்போதைய லேபிளில் படம் கிடையாது. எந்த மால்ட், கசப்புக்குச் சேர்க்கும் பூவான ஹாப்ஸில் எந்த வகை, என்றைக்குக் காய்ச்சியது, என்றைக்குப் பாட்டிலில் அடைத்தது, எத்தனை டிகிரியில் குடிக்கவேண்டும் எல்லாம் எழுதியிருக்கும். சிலவற்றில் 25 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்று கண்டிருக்கும். எழுத்து மட்டும் உள்ள அந்த லேபிளைப்போல நேர்மையான லேபிளை நான் அதிகம் கண்டதில்லை. ரஸ்புதின் என்று இன்னொரு ஸ்டௌட் உண்டு. அமெரிக்காவில் அதே பெயரை வேறொரு ஆலை முன்பே பதிந்திருந்ததால், அங்கே இது ‘டிஸ்புதின்’ என்ற பெயரில் போனது. தகராறையே பெயராக்கிக்கொண்டார்கள்.

தெற்கே ஸேலாந்தில் எமெலிஸ்ஸ ஆலையில் காய்ச்சிக்கொண்டிருந்த கீஸ் புபர்மன், அங்கிருந்து விலகி மிட்டெல்பர்க்கில் தன் பெயரிலேயே ‘கீஸ்’ ஆலையைத் தொடங்கினார். அவருடைய ‘எக்ஸ்போர்ட் போர்ட்டர் 1750’ பழைய லண்டன் போர்ட்டரை நினைத்துச் செய்தது. பெயரில் உள்ள ஆண்டு அதற்காகத்தான். வடக்கே ஆல்க்மார் பக்கம் நான்கு சகோதரர்கள் நடத்தும் ‘மூர்ஸ்லூட்டல்’. ஆலையின் பெயரே ஸ்பானர். பீர்களுக்கு ‘மோட்டார் ஆயில்’, ‘மசகு எண்ணெய்’ என்று பெயர். ஊற்றிப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி ருசி பார்க்கும் விஷயம். இதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். பன்னிரண்டு டிகிரி பக்கத்தில் இருந்தால் நல்லது. நாலு டிகிரியில் இது வாயை இழுத்துச் சாத்திக்கொள்ளும். கசப்பும் புகையும் மட்டும் தெரியும், இனிப்பும் பழ வாசனையும் வெளியே வராது. பீர் சூடாக இருக்கிறதே என்று அலறுபவர்கள் நம் கூட்டத்தில் அதிகம். கொஞ்சம் பொறுங்கள். அடுத்து, பெரிய மக் வேண்டாம். வாய் குறுகிய ஒயின் கிளாஸ் இருந்தால் போதும். சோப்பு வாசனை போக வெந்நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து உலரவிட்ட கிளாஸாக இருக்கட்டும். எண்ணெய்ப் பசையும் சோப்பும் நுரைக்கு எமன். பஜ்ஜி தின்ற உதட்டோடு ஒரு வாய் வைத்தாலே நுரை கண்ணெதிரே சரிந்துவிடும்.

ஒரு பாட்டிலை நாலு பேருக்கு ஊற்றுங்கள். ஆளுக்கு எண்பது மில்லிதான் வரும். கஞ்சத்தனம் என்று நினைக்கவேண்டாம். எண்பது மில்லியை இருபது நிமிடம் வைத்துக் குடித்துப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டுமா என்று அப்போது பேசலாம். பாட்டில் அடியில் ஈஸ்ட் படிந்திருந்தால் கடைசி விரலளவை விட்டுவிடலாம். ஊற்றும்போது கண்ணை வைத்துப் பாருங்கள். விளக்குக்கு நேரே தூக்கினாலும் ஒளி ஊடுருவாது. விளிம்பில் மட்டும் ஒரு செம்பழுப்புக் கோடு. நுரை வெள்ளையாக இருக்காது, பாலில் டிகாக்‌ஷன் கலந்த நிறத்தில் எழும், அதிக ஆல்கஹால் இருப்பதால் சீக்கிரம் அடங்கும். அடங்கினால் பீர் செத்துவிட்டது என்று பொருளல்ல. கிளாஸைச் சுழற்றினால் சுவரில் கோடுகோடாக வழியும். அதைப் பார்த்து ‘ஸ்ட்ராங்’ என்று தலையாட்டுபவர்கள் எல்லா விருந்திலும் உண்டு. லேபிளைப் படித்தாலே அந்தத் தகவல் கிடைக்குமே.

குடிப்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள். நீண்ட ஒரு மூச்சு வேண்டாம், ஆல்கஹால் மூக்கை மரக்கச் செய்துவிடும். சின்னச் சின்னதாக இரண்டு மூன்று. முதலில் வருவது வறுத்த வாசனை: டிகாக்‌ஷன், கருகிய ரொட்டி ஓரம், இனிப்பில்லாத கொக்கோ. அதன் பின்னால் கருப்பட்டி, பேரீச்சை, ஊறிய உலர்திராட்சை. இன்னும் கொஞ்சம் கதகதப்பானதும் அதிமதுரம். இந்த அதிமதுரத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் அலுவலக மேசையில் டச்சு சகா நீட்டும் அந்தக் கறுப்பு மிட்டாய், ‘ட்ராப்’, நீங்கள் ஒருமுறை வாயில் போட்டு முகம் சுளித்தது, அதிமதுரத்தில் செய்ததுதான். உப்பு ட்ராப்பில் சேர்ப்பது நவச்சாரம். இரண்டும் நம் நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற சரக்கு. பாட்டி கையால் இருமலுக்குச் சாப்பிட்டதை இவர்கள் சினிமாக் கொட்டகையில் கொறிக்கிறார்கள். இந்தக் கறுப்பு பீர் இங்கே இவ்வளவு சுலபமாக வேர்விட்டதற்கு ட்ராப் தின்று பழகிய நாக்குகளும் ஒரு காரணம் என்பது என் சொந்த ஊகம். நிரூபணம் கேட்காதீர்கள்.

பிறகு ஒரு சிறு வாய். உடனே விழுங்காமல் நாக்கில் பரவவிடுங்கள். நாக்குக்கு முதலில் தெரிவது கனம். தண்ணீர் போலில்லை, எண்ணெயும் இல்லை. இனிப்பு வருகிறது, அதை முழுதாக அனுபவிக்கும் முன்பே கசப்பு வந்து குறுக்கே நிற்கிறது. ஹாப்ஸின் கசப்பு ஒன்று, கரி மால்ட்டின் கசப்பு இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவது ஒரு விளையாட்டு. ஹாப்ஸ் கசப்பு நீளமாக இழுக்கும். கரியின் கசப்பு சட்டென்று வறண்டு, கொஞ்சம் புளிப்போடு முடியும். விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். வாசனையில் பாதி அப்போதுதான் தெரியும். ஒயின் ருசி பார்ப்பவர்கள் துப்புவார்கள். பீர் ருசி பார்ப்பவர்கள் பெரும்பாலும் விழுங்குவார்கள், தொண்டையில் நிற்கும் கசப்பும் பீரின் பாகம்தான் என்பதால். எண்பது மில்லி என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாவது நிமிடத்தில் இருந்த பீர் பதினைந்தாவது நிமிடத்தில் இருக்காது. கிளாஸ் கை சூட்டில் ஏற ஏற முன்பு பின்னால் இருந்தது முன்னால் வரும். நரகத்தைப் பெயரில் வைத்திருக்கும் அந்த பீரில் தொடக்கத்தில் எனக்குச் சாம்பல்தான் கிடைக்கும், கடைசி வாயில்தான் பேரீச்சை. நம் வட்டத்தில் இதைச் சரியாகப் பிடித்தவர் ஒரு தோழி. விருந்துகளில் ஜூஸ் மூலையில் உட்கார்ந்திருப்பவர், மூன்று வாய்க்கு மேல் குடிக்காதவர். “முதல்ல சுக்கு மாதிரி எரிஞ்சுது, இப்ப நெய் விட்டு வறுத்த மாதிரி இருக்கு” என்றார். இரண்டு பாட்டில் முடித்துவிட்டு ‘செம’ என்ற நண்பரைவிட இவர் சொன்னதில் எவ்வளவு தகவல் இருக்கிறது பாருங்கள்.

சைட் டிஷ் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு மடல் நிறைவாகாது. சொல்லப்போவது பிடிக்கவும் செய்யாது. மிளகாய் வேண்டாம். சிக்கன் சிக்ஸ்டிஃபைவ், காரச் சுண்டல், மிளகாய்த்தூள் போட்ட வேர்க்கடலை எதுவும் இதற்கு ஆகாது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் ஊதிவிடும், அத்தோடு ஹாப்ஸ் கசப்பும் சேர்ந்தால் நாக்கில் எரிச்சல் மட்டுமே மிஞ்சும். ஐஸ் பீருக்குக் காரம் பொருந்துவது, அங்கே பீரின் வேலை தீயணைப்பு என்பதால். இங்கே தீயணைக்க ஆளில்லை. இரண்டு ஆண்டு பழுத்த கௌடா பாலாடைக்கட்டியை வாங்குங்கள், உடைத்தால் வெள்ளைப் படிகம் தெரியுமே, அதை. உப்பும் இனிப்பும் சேர்ந்த அந்தக் கட்டி கரிக்கசப்பை அப்படியே மழுக்கிவிடுகிறது. நீலப்பூசணம் படிந்த கட்டி பிடிக்குமென்றால் அது இன்னும் பொருத்தம். கட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு நெய்யில் வறுத்த முந்திரி, உப்பு மட்டும். மைசூர்பாகு வைத்துப் பார்த்தேன். கேலி செய்பவர்கள் செய்யுங்கள், நன்றாகவே இருந்தது.

இனி என் மனத்தாங்கல். கடையில் இப்போது கறுப்பு பீர் அலமாரி முன்னால் நின்றால் இனிப்புக் கடை வாசலில் நிற்பதுபோல இருக்கிறது. கேரமல், மார்ஷ்மல்லோ, தேங்காய், கடலை வெண்ணெய், வாழைப்பழ ரொட்டி. பாதி கேன்களில் பீரைப் பற்றி ஒன்றும் இல்லை, பலகாரத்தைப் பற்றித்தான். கீஸின் கேரமல் ஸ்டௌட் போலச் சிலவற்றை அளவறிந்து செய்திருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலானவற்றில் சேர்த்த வாசனை முதல் வாயில் பாய்ந்து வந்து, மூன்றாவது வாயில் திகட்டிவிடுகிறது. அடியில் ஒரு நல்ல ஸ்டௌட் இருந்ததா என்று கடைசிவரை தெரிவதில்லை. நீங்கள் முதன்முதலில் வாங்குவது இப்படிப்பட்டதாக இருந்தால் இந்தப் பக்கமே திரும்பமாட்டீர்கள், அல்லது இதுதான் கறுப்பு பீர் என்று நம்பிவிடுவீர்கள். எது மோசம் என்று தெரியவில்லை.

தேங்காய் வாசனை வேண்டுமானால் அதற்கு மரப் பீப்பாய் இருக்கிறது. ஓக் மரத்திலேயே தேங்காயை நினைவூட்டும் ஒரு சத்து உண்டு. மரத்தைச் சுடும்போது வெனிலாவும் பிறக்கிறது. அமெரிக்க பூர்பன் விஸ்கியைப் புதிதாகக் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் அடுத்த பூர்பனை வைக்க முடியாது. அதனால் காலிப் பீப்பாய்கள் கப்பல் ஏறி ஸ்காட்லாந்துக்கும் இந்தச் சிறு டச்சு ஆலைகளுக்கும் வருகின்றன. மாதக்கணக்கில் அதில் கிடந்த ஸ்டௌட் மரத்தையும் விஸ்கியையும் குடித்துக்கொண்டு வெளியே வருகிறது. எமெலிஸ்ஸவின் ‘ஒயிட் லேபிள்’ வரிசை இப்படித்தான் பேர் வாங்கியது. டி மோலனில் இன்னொரு குறுக்கு வழியும் உண்டு: ஸ்காட்லாந்தின் ப்ருயிக்லாடி ஆலையின் புகைமால்ட்டை வாங்கிக் காய்ச்சிய ‘ஹெமல் என் ஆர்ட’. பீப்பாயே தொடாமல் புகை. எது வாங்கினாலும் முதலில் பீப்பாய் தொடாத சாதா வகையைக் குடித்துவிட்டு, பிறகு அதே பீரின் பீப்பாய் வகைக்குப் போங்கள். இல்லாவிட்டால் எது பீர் எது விஸ்கி என்று பிடிபடாது.

பழசாக்கி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: வைக்கலாம். இருட்டில், குளுமையில், நிமிர்த்தி. காபி வாசனைதான் முதலில் போகும், ஹாப்ஸ் கசப்பு அடுத்து மங்கும், மெல்ல ஷெர்ரி ஒயினும் தோலும் சோயா சாஸும் கலந்த ஒரு வாசனை வரும். சோயா அதிகமானால் ஈஸ்ட் சிதைந்துவிட்டது என்று அர்த்தம், சமையலுக்கு ஊற்றிவிடலாம். காபி சேர்த்துச் செய்தவற்றை வைக்கவே வைக்காதீர்கள். மற்றபடி வாங்கியதைக் குடித்துவிடுவதுதான் உத்தமம்; அலமாரியில் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது வேறொரு வியாதி.

ஈழத்து நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் பலருக்கு ஸ்டௌட் புதிதல்ல. லயன் ஸ்டௌட் 8.8 சதவீதம். நுவரெலியாவின் மலைக்குளிரில் 1881-இல் தொடங்கிய ஆலையின் வாரிசு, இப்போது பியகமவில் தயாராகிறது. மைக்கேல் ஜாக்சன், பாடகர் அல்ல, பீரைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர், இலங்கை வரை போய் அதைக் குடித்துப் பாராட்டி எழுதியதால்தான் மேற்கே பலர் அதைத் தேட ஆரம்பித்தார்கள். உங்கள் அப்பாமார் அதற்கு முன்பே குடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அதை ஒரு கிளாஸிலும் டச்சு ஸ்டௌட் ஒன்றை இன்னொரு கிளாஸிலும் அருகருகே வைத்துப் பாருங்கள். லயன் இனிப்பில் முன்னே நிற்கும், பழவாசனை தூக்கலாக இருக்கும். டச்சுக்காரர் கரியையும் கசப்பையும் விட்டுக்கொடுக்கமாட்டார். எது மேல் என்று சண்டை போட்டால் நான் லயன் பக்கம் சாய்ந்தாலும் சாய்வேன், ஆனால் சண்டை போடும் அளவுக்கு இரண்டுமே தகுதியானவை.

“சிறிய ஆலை என்கிறீர்களே, டி மோலனைப் பெரிய கம்பெனி வாங்கிவிட்டதே” என்று ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். 2016-இல் பங்கும் 2019-இல் முழுவதும் பவாரியா பீரின் முதலாளிகளான ஸ்விங்கல்ஸ் குடும்பத்துக்குப் போனது. ஹார்லெமின் ஆந்தை முத்திரை ‘அவுல்ட்ய’யும் 2021-இல் அதே குடும்பத்துக்கு. ஆம்ஸ்டர்டாமின் ஈடிபஸ் ஹைனகனிடம் போனது. சொந்தக்காரர் மாறிய அன்றே பீர் கெட்டுவிட்டது என்று சத்தியம் செய்யும் கோஷ்டியில் நான் இல்லை. ஆனால் பெரிய முதலாளிக்கு மெதுவாக விற்கும் சரக்கின் மேல் பொறுமை குறைவு, கரிய ஸ்டௌட் மெதுவாக விற்கும் சரக்கு. அதனால் மிட்டெல்பர்க்கிலும் ஆல்க்மாரிலும் இருப்பவர்களுடையதை முதலில் எடுங்கள். எங்கே தேடுவது என்றால், ஆம்ஸ்டர்டாமில் ஹேரன்கிராக்ட் கால்வாயோரம் ‘ஆரெண்ட்ஸ்நெஸ்ட்’ என்ற மதுக்கூடம் 2000-இலிருந்து டச்சு பீர்களை மட்டுமே ஊற்றுகிறது. பரிமாறுபவரிடம் சின்ன அளவு கேளுங்கள், முகம் சுளிக்காமல் தருவார்கள். உங்கள் ஊர் மதுக்கடை, ஸ்லெய்ட்டரெய், அங்கேயும் கேட்டுப் பாருங்கள். 15 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பீர் சட்டப்படி விஸ்கி, ஜின் வரிசையில் சேர்ந்துவிடுகிறது; சூப்பர் மார்க்கெட்டில் அதை எதிர்பார்க்கவேண்டாம்.

ஒரு பாட்டில் என்பது இந்நாட்டுக் கணக்கில் இரண்டரைக் கிளாஸ் என்பதை மறந்துவிடாதீர்கள். இங்கே ஒரு கிளாஸ் என்றால் 10 கிராம் ஆல்கஹால். ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு (ப்ரொமில்) என்ற வரம்பு காருக்கு மட்டுமல்ல, சைக்கிளுக்கும் உண்டு. ஓட்டுநர் உரிமம் எடுத்து ஐந்தாண்டு ஆகாதவர்களுக்குக் காரில் 0.2-தான். நாலு பேருக்கு ஒரு பாட்டில் என்று நான் அடம்பிடிப்பதில் இதற்கும் பங்கு உண்டு. டிராமில் வாருங்கள்.

அடுத்த சந்திப்புக்கு ஆளுக்கொரு பாட்டில் வேண்டாம். கீஸ் ஒன்று, மூர்ஸ்லூட்டல் ஒன்று, லயன் ஒன்று போதும், வாங்கும் செலவைப் பங்கிட்டுக்கொள்வோம். பழுத்த கௌடா என் பொறுப்பு. கிளாஸ் அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். மூர்ஸ்லூட்டல் கேனில் வந்தால் நசுக்காமல் வையுங்கள். 15 சென்ட் முன்பணத்தை நசுங்கிய கேனுக்கு இயந்திரம் திருப்பித் தராது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்